உறையாத எண்ணெய்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அக்கா. இந்தப் பையில் எண்ணெய் பாட்டில் இருக்கிறது. வளைவில் சாய்ந்தால் மூடியோரம் கசியும். உங்கள் சேலை நல்ல சேலையாக இருக்கிறது. வீட்டில் ஒருமுறை மூடியைப் பார்த்தேன், பஸ் ஏறும் முன்னாலும் பார்த்தேன். இருந்தாலும் இன்னொருமுறை பார்த்துவிடுகிறேன். ம், கசியவில்லை.

அது குடைக்கம்பி இல்லை. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். துப்பாக்கிக் குழலைத் துடைக்கிற கம்பி. காலை இழுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, துப்பாக்கி என்னிடம் இல்லை. அது திண்டுக்கல்லில் ஒரு கடையில் இருக்கிறது. கம்பியும் எண்ணெயும் துணியும்தான் இங்கே. துணி அப்பாவின் வேட்டி, கிழித்து வைத்திருக்கிறேன். பழைய வேட்டி மாதிரி எதுவும் துடைக்காது. நூல் பிரிந்து குழலுக்குள் நிற்காது.

என் பெயர் நவநீதன். தாண்டிக்குடிக்கு மேலே ஒரு சின்ன ஊர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் போனது நான்தான் முதல் ஆள். வேலை இன்னும் கிடைக்கவில்லை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் மாதத்துக்கு ஒரு நாள் இப்படி வந்து துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் போக முடிகிறது.

துப்பாக்கி அப்பாவுடையது. அந்தக் காலத்தில் ஒரு எஸ்டேட்காரர் வேட்டைக்கு வைத்திருந்தது, ஒற்றைக்குழல். அப்பா வாங்கினது வேட்டைக்கு இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் தருவார்கள், அதில் வாங்கினது. மிருகத்தைச் சுடக்கூடாது. அப்பா சுட்டதும் இல்லை. காட்டுமாடு பீன்ஸுக்குள் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. சத்தத்துக்கே போய்விடும்.

போன மார்கழியில் வெடிக்கவில்லை. அப்பா செத்துப்போனார்.

பரவாயில்லை அக்கா. எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு இப்போது தடுமாறாமல் சொல்ல வருகிறது.

அன்றைக்கு விடிந்துவிட்டது. பால் கறக்கிற நேரம்தான். மேகம் மட்டும் தரையிலேயே கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சடையாண்டி மாமா தன் காவல் குடிசையில் இருந்தார். ஒற்றைக் காட்டுமாடு, பெரியது, மேகத்துக்குள்ளிருந்து அப்பாவுக்கு நேரே வந்திருக்கிறது. அப்பா துப்பாக்கியைத் தூக்கி விசையை இழுத்தாராம். 'டிக்'கென்று ஒரு சத்தம். துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னால் இழுத்துவிட்டு மறுபடி விசையை இழுத்தாராம். மறுபடி 'டிக்'. மாமா ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் அப்போது மதுரையில் ஹாஸ்டலில் இருந்தேன்.

போலீஸ்காரர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்ச் சோதனை செய்தார்கள். பழுது எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். தோட்டாவும் நல்ல தோட்டாதான், அதே பெட்டியில் இருந்த வேறொன்று மலைக்குக் கீழே சோதித்தபோது வெடித்ததாம். பிறகு, லைசென்ஸ்காரர் இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பதால் திண்டுக்கல் கடைக்குப் போய்விட்டது. பழுது இல்லாத துப்பாக்கி, நல்ல தோட்டா. அப்படியானால் ஏன் வெடிக்கவில்லை? அக்கா, நான் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. காரணம் தெரியாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மாசி மாதம் கடைக்குப் போனேன். அங்கே துப்பாக்கி பழுது பார்க்கிறவர் சவரிமுத்து அண்ணன். பேச ஆரம்பித்தால் கேலிதான். "கெமிஸ்ட்ரியா? அப்ப நீ துப்பாக்கிய கரைச்சுக் குடிச்சிருவியே" என்றார். நான் பிடிவாதமாக நின்றதால் பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்ன ஊசி இருக்கிறது அக்கா. சுத்தியல் விழுந்தால் அந்த ஊசி முன்னால் பாய்ந்து தோட்டாவின் முதுகில் குத்தவேண்டும். குத்தினால்தான் வெடிக்கும். அந்த ஊசி இருக்கிற பொந்தை அவர் துணியால் துடைத்தார். துணியை முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். தேங்காய் எண்ணெய்.

துணியில் கறுப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. நகத்தில் எடுத்துப் பார்த்தார். "கருவேப்பிலைப்பா. வீட்டுல யாரு தலைக்குக் காய்ச்சுறது?" என்று கேட்டார்.

"அம்மாதான்" என்றேன்.

பிறகு அவர் கேலி பண்ணவில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே உறையும். திண்டுக்கல் வெயிலில் அது எண்ணெய். போலீஸ் சோதித்த இடத்திலும் எண்ணெய். எங்கள் மலையில் மார்கழி விடியலில் அது மெழுகு. மெழுகுக்குள் ஊசி எப்படிப் பாயும்? மெதுவாகப் போய்த் தோட்டாவைத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். அப்பா அங்கே செத்ததற்கும் இங்கே துப்பாக்கி நன்றாக இருப்பதற்கும் அந்த ஒரு காரணம்தான். பாடத்தில் உருகுநிலை என்று படித்தேன். மதிப்பெண்ணும் வாங்கினேன்.

கிளம்பும்போது சவரிமுத்து அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இத வீட்டுல போய்ப் பேசிட்டிருக்காதப்பா. தெரிஞ்சுகிட்டேல்ல, அதோட விடு" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. உண்மையைத் தெரிந்துகொண்டால் வீட்டில் சொல்லாமல் இருக்கலாமா? அன்று சாயங்காலமே அம்மாவை உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். ஊசி எங்கே இருக்கிறது என்று தரையில் படம் போட்டுக் காட்டினேன்.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் துணுக்கு கருவேப்பிலைதானா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அந்த எண்ணெய் எப்படி உள்ளே போனது என்றால், அந்த மார்கழிக்கு முந்தின ஐப்பசியில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலில் உட்கார்த்திவிட்டார்கள். குனியக்கூடாது, தூசி படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. ஐப்பசி எங்களுக்கு அடைமழை. ஒரு வாரம் எண்ணெய் படாவிட்டால் இரும்பு துருப்பிடித்துவிடும். அப்பாவுக்கு அதே கவலை. எலெக்‌ஷன் சமயத்தில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும் அல்லவா, அப்போதுகூட கிரீஸை வழித்துப் பூசித்தான் கொடுப்பார். திரும்பி வந்ததும் கிரீஸைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் போடுவார். தையல் மெஷினுக்குப் போடுவோமே, அது. அதற்கென்று மூக்கு நீண்ட ஒரு குப்பி வைத்திருந்தார். அந்த மழையில் குப்பி காலியாகிவிட்டிருக்கிறது. அம்மா போனில் சொன்னாள்: "உங்கப்பா துப்பாக்கி துப்பாக்கின்னு உசுர வாங்குறாரு. எல்லாம் நான் பாத்துக்கிட்டேன், நீ படிப்பப் பாரு." பாவம், மாடு, தோட்டம், அப்பாவுக்குச் சொட்டு மருந்து என்று அவளுக்கு அவ்வளவு வேலை.

அப்பா என்ன செய்திருப்பார் என்றால், கறுப்புக் கண்ணாடியோடு தடவிக்கொண்டு போய், எந்தப் பாட்டில் என்று பார்க்காமல் குப்பியில் ஊற்றியிருப்பார். அம்மா தன் எண்ணெயை எப்போதும் அடுப்போரம்தான் வைப்பாள், உறைந்துவிடும் என்று. அடுப்புச் சூட்டில் அது தண்ணீர் மாதிரி இருந்திருக்கும். மெஷின் எண்ணெய் என்றே நினைத்திருப்பார். இதுதான் நடந்திருக்கவேண்டும். வேறு எப்படி யோசித்தாலும் பொருந்தவில்லை.

இல்லை அக்கா, அப்பாதான். சொன்னேனே.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. சடையாண்டி மாமா காரியத்தன்று சொன்னார். கண் சரியாகி அப்பா முதல்முதலாகக் காவலுக்குப் போன அன்று துப்பாக்கியை மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாருய்யா, நம்ம பவுனு தலை மாதிரியே மணக்குது. இனிமே காட்டுலயும் தனியா இருக்க முடியாது போல" என்று சிரித்தாராம். பவுனு என்றால் அம்மா, பவுனம்மாள். மாமா அதைச் சொல்லி அழுதார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பாருங்கள், வாசனை தெரிந்திருக்கிறது. தன் தப்பைத் தானே கேலி பண்ணிக்கொண்டிருக்கிறார். ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அதைத் துடைத்து எடுக்க எவ்வளவு நேரமாகும்? துடைக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டார். இதைத்தான் நான் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அப்பா மேல் கோபம் இல்லை. கவனக்குறைவு. அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அது பிடிக்காது. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கப்பா போடலடா" என்றாள்.

"பின்ன யாரும்மா போட்டது?"

அவள் கீழே வைத்த கரண்டியை மறுபடி எடுத்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்புறம், "ரசம் ஊத்தட்டா?" என்றாள்.

செத்த மனுஷனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. எனக்குப் புரிகிறது.

அதற்குப் பிறகுதான் நான் ஆணி வைத்துப் பார்த்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் போட்டிருந்தேன். துப்பாக்கி என் கைக்கு வந்தால் எந்த எண்ணெய் போடுவது என்று எனக்குத் தெரியவேண்டும். யாரோ சொன்னார்கள் என்று போட முடியாது. ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் ஒன்றுக்கு, நல்லெண்ணெய் ஒன்றுக்கு, விளக்கெண்ணெய், மெஷின் எண்ணெய், கிரீஸ், கடையில் விற்கிற துப்பாக்கி எண்ணெய் என்று பூசி, நூலில் கட்டி அடுப்படி ஜன்னலில் தொங்கவிட்டேன். ஒன்றுக்கு எதுவும் பூசவில்லை. எங்கள் ஊரில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துதான் போகும்.

எதுவும் பூசாதது முதலில் சிவந்தது. நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசினாகிவிட்டது, தூசியெல்லாம் ஒட்டுகிறது. விளக்கெண்ணெய் கனம், நகரவே நகராது. கிரீஸ் துருவை அண்டவே விடாது, ஆனால் சும்மா பூட்டி வைக்கிற துப்பாக்கிக்குத்தான் அது. சுடுகிற துப்பாக்கியில் இருந்தால் துடைத்து எடுத்தாகவேண்டும். மெஷின் எண்ணெய் நல்லது, மெல்லியது, என்ன, மழைக்காலத்தில் அடிக்கடி போடவேண்டும். துப்பாக்கி எண்ணெய்தான் எல்லாவற்றிலும் மேல். குளிரிலும் ஓடுகிறது, இரும்பை விட்டு இறங்கவும் இல்லை. அதுவும் துளிதான் போடவேண்டும். அதிகமானால் துப்பாக்கியின் பிடிக்கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கெடுக்கும். தொட்ட கை ஈரத்தையும் உடனே துடைக்கவேண்டும், வியர்வையில் உப்பு இருக்கிறது. தோல் உறையில் போட்டு மூடி வைக்கவே கூடாது, தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

நியாயமாகச் சொல்கிறேன் அக்கா, தேங்காய் எண்ணெய் பூசின ஆணியும் துருப்பிடிக்கவில்லை. பளபளவென்று இருந்தது. அதை அம்மாவிடமும் மறைக்கவில்லை.

"துரு ஏறலியா?" என்று கேட்டாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது போல இருந்தது.

"இல்லம்மா."

"அப்ப துப்பாக்கிக்கு நல்லதுதானடா செஞ்சிருக்கு?"

"துருவுக்கு நல்லது. ஊசிக்கு எமன். தொட்டுப் பாரு, கல்லு மாதிரி வெள்ளையா இருக்கு" என்று ஆணியை அவிழ்த்து அவள் கையில் வைத்தேன்.

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் மூடியே வைத்திருந்தாள். திறந்தபோது வெள்ளை போய்விட்டது, விரலிடுக்கில் எண்ணெயாக வழிந்தது. "கையில வச்சிருந்தா இளகிருதே தம்பி" என்றாள்.

"இளகும்தான். நம்ம உடம்பு முப்பத்தேழு டிகிரி. துப்பாக்கிய யாரும் ராத்திரியெல்லாம் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார முடியாதில்ல" என்று விளக்கிச் சொன்னேன். அம்மாவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் எதையும் பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வாள். மறுநாள் அந்த ஆணி நூலில் இல்லை. கேட்டேன். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். எலி ஆணியை எதற்கு இழுக்கப்போகிறது?

லைசென்ஸுக்கு வருகிறேன். வாரிசு எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் மாற்றித் தருவார்கள். வாரிசு என்றால் நானும் அம்மாவும்தான். அம்மா போடமாட்டேன் என்றாள். "அந்தச் சனியன் நமக்கு வேண்டாம், சர்க்காருக்கே குடுத்துரு." பீன்ஸ் முழுக்க மாடு மேய்கிறதே என்றால், "மேயட்டும்." எத்தனையோ முறை பேசிப் பார்த்தேன். இன்றைக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவோம், துப்பாக்கியை அரசே எடுத்துக்கொள்ளும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

நேற்று கடைசியாகக் கேட்டேன். "அம்மா, நான் அப்பா மாதிரி இருக்கமாட்டேன். எனக்கு எந்த எண்ணெய்னு தெரியும். நான் கவனமா இருப்பேன்."

"உங்கப்பாவ அப்படிச் சொல்லாதடா. இனிமே சொல்லாத" என்றாள். குரலே மாறியிருந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டு, "இதுல யாரு தப்புன்னு எழுதணுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஆட்சேபணை இல்லைன்னு மட்டும்தான்."

"அதுமட்டும் போதுமா?"

"போதும்."

போட்டுக் கொடுத்துவிட்டாள். பவுனம்மாள் என்று எழுதுகிறவள் நேற்று நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள். பிறகு இடுக்கி எழுதினாள். இதோ, பையில் உறை போட்டு வைத்திருக்கிறேன். எண்ணெய் படாமல் தனியாக.

சந்தோஷமாகத்தான் கிளம்பியிருக்கவேண்டும். ஆனால் அம்மாவை நினைத்தால்தான். தலைக்கு எண்ணெயே வைப்பதில்லை அக்கா. தாலி போன பிறகு பூ வைக்கமாட்டார்கள், எண்ணெய் வைக்கக்கூடாது என்று எங்கள் பக்கம் கிடையாது. அப்பா காரியம் முடிந்த பிறகும் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். மாசியிலிருந்துதான் நிறுத்தினாள். அடுப்போரம் இருந்த பாட்டிலையும் காணோம். வாழைத்தூரில் கொட்டிவிட்டாள் போல, எறும்பு மொய்த்திருந்தது. அவள் தலைமுடி அவ்வளவு அடர்த்தி, இப்போது தேங்காய் நார் மாதிரி கிடக்கிறது. ஏம்மா என்றால், "வாசம் ஒத்துக்கல" என்கிறாள். இத்தனை வருஷம் ஒத்துக்கொண்ட வாசம் திடீரென்று எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? துக்கம்தான். துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கிறது.

என்ன அக்கா, கண்ணெல்லாம் கலங்குகிறது? வளைவு ஒத்துக்கொள்ளவில்லையா? எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், இந்தாருங்கள், மோந்துகொண்டே வாருங்கள். இன்னும் கொஞ்சம்தான், அதோ வத்தலக்குண்டு தெரிகிறது. நீங்கள் அங்கேதானே இறங்குகிறீர்கள்.

ஏன் என் கையைப் பிடிக்கிறீர்கள்?

சொல்லாதே என்றா சொல்கிறீர்கள்? அம்மாவிடமா? சவரிமுத்து அண்ணன் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள். பெரியவர்கள் இரண்டு பேர் சொன்னால் ஏதோ இருக்கும். சரி அக்கா. இனிமேல் ஊசிப் பேச்சே எடுக்கமாட்டேன். அப்பாவைப் பற்றியும் குறையாகப் பேசமாட்டேன். ஜன்னலில் மிச்சமிருக்கிற ஆணிகளையும் போனவுடன் அவிழ்த்துவிடுகிறேன்.

என் கம்பி காலில் தட்டப்போகிறது, பார்த்து இறங்குங்கள்.

ஒன்று மட்டும் செய்யப்போகிறேன். திரும்பி வரும்போது செக்கில் ஆட்டின நல்ல தேங்காய் எண்ணெயாக ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போவேன். மலை ஏறுவதற்குள் உறைந்துவிடும். உறைய விடமாட்டேன். சட்டைக்குள்ளே வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்வேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவை அடுப்போரம் உட்காரவைத்து, அவள் வேண்டாம் என்றாலும் விடாமல், என் கையாலேயே தலையில் தேய்த்துவிடுவேன்.